வியப்புச் சொற்கள்: ஆங்கிலமும் தமிழும்

மனித உள்ளத்தில் எழும் உணர்ச்சிகளுள் வியப்பு தனிச் சிறப்புடையது. கண்டதொன்றை முன்னறிந்தவற்றோடு ஒப்புநோக்கி, ‘இஃது எங்ஙனம் ஆயிற்று?’ என உள்ளம் ஒருகணம் நின்றுவிடும் நிலையே வியப்பு. இந்நிலையைப் புலப்படுத்த ஆங்கிலத்திற் சொற்கள் பல உள. ஆயினும், அவற்றைத் தமிழிற் பெயர்க்கும் மாணாக்கர் பெரும்பாலும் ‘ஆச்சரியம்’ என்னும் ஒரு சொல்லையே எல்லாவற்றிற்கும் ஈடாக்கிவிடுகின்றனர். அதனால் ஆங்கிலத்தின் நுட்பமும் விளங்குவதில்லை. தமிழின் வளமும் பயன்படுவதில்லை.

ஆங்கிலச் சொற்களின் பிறப்பை ஆராயின் அவற்றின் வேறுபாடு தெளிவாகும். ‘சர்ப்பிறைஸ்’ என்பது பழைய பிரெஞ்சு மொழிவழி வந்தது. திடீரென மேல்விழுந்து பற்றிக்கொள்ளுதல் என்பதே அதன் அடிப்பொருள். பகைவர் எதிர்பாரா வேளையில் அவரைத் தாக்குதலையும் இச்சொல் இன்றும் குறிக்கும். எனவே இதன் உயிர்நிலை எதிர்பாராமையே. நேர்ந்தது இன்பமாயினும் துன்பமாயினும் இச்சொல் பொருந்தும்.

‘அஸ்ரொனிஷ்’ என்பது இடிமுழக்கத்தைக் குறிக்கும் இலத்தீன் அடியிற் பிறந்தது. இடியொலி கேட்டுச் செயலற்று நிற்பவனின் நிலை அதனுள் அடங்கியுள்ளது. தமிழிலும் ‘அதிர்தல்’ என்னும் வினை முழங்குதலையும் நடுங்குதலையும் ஒருங்கே உணர்த்தி, ‘அதிர்ச்சி’ என்னும் சொல்லைத் தந்தமை ஒப்பிடத்தக்கது. ‘அமேஸ்’ என்பது மதிமயங்கச் செய்தலைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். புகுந்தோர் வழியறியாது சுழலும் சிக்கற்பாதையைக் குறிக்கும் ‘மேஸ்’ அதன் இனமாகும். தொல்காப்பியர் வியப்பிற்கு வழங்கும் ‘மருட்கை’ என்னும் பெயரும் மருளுதல், அதாவது மயங்குதல், என்பதினின்றே பிறந்தது. வடமொழி வழி வந்த ‘பிரமிப்பு’ என்பதும் சுழற்சியையும் மயக்கத்தையும் உணர்த்தும் அடியையுடையது. தொடர்பற்ற மொழியினரும் ஓருணர்ச்சியை ஒரே வகையாகக் கண்டிருத்தல் இங்குப் புலனாகின்றது.

இலத்தீன் மொழியில் வியத்தலைக் குறிக்கும் ஓர் அடியிலிருந்து ‘மிறக்கிள்’, ‘அட்மிறேஷன்’ என இரு சொற்கள் ஆங்கிலத்தில் வழங்குகின்றன. முன்னையது இயற்கையை விஞ்சிய தெய்வச் செயலுக்கு உரியது. தமிழில் இதற்கு ஏற்ற சொல் ‘அற்புதம்’. காரைக்காலம்மையார் பாடிய நூல் அற்புதத் திருவந்தாதி எனப் பெயர் பெற்றதும், திருவாசகத்தில் ஒரு பகுதி அற்புதப்பத்து என வழங்குவதும் நினைக்கத்தக்கன. பின்னையது சேக்ஸ்பியர் காலத்தில் வியப்பையே குறித்து, இன்று மதித்துப் பாராட்டுதல் என்னும் பொருளில் நிலைபெற்றுள்ளது.

மேற்கூறிய ஆங்கிலச் சொற்களுட் பல வியப்பவனுக்கு நேர்வதைச் சொல்கின்றன: அவன் பற்றப்படுகின்றான், இடியுண்கின்றான், வழிதப்புகின்றான். தொல்காப்பியரோ மெய்ப்பாட்டியலில் வியப்பிற்குரிய காரணங்களை வகுத்தார். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என அவை நான்காம். 1935 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இரத்மலானையில் முதன்முதலாக விமானம் வந்திறங்கியபோது, அதனைக் கண்டோர் கொண்டது புதுமை பற்றிய வியப்பு. சமவெளியினின்று தனித்தெழும் சீகிரியாக் குன்றின் முன் நிற்பவனுக்குத் தோன்றுவது பெருமை பற்றியது. ஆலம் விதையின் நுண்மையை நோக்குங்கால் எழுவது சிறுமை பற்றியது. அவ்விதையே விழுதூன்றிய மரமாதலை எண்ணுங்கால் எழுவது ஆக்கம் பற்றியது. பெரியதைக் கண்டு வியத்தல் எவர்க்கும் எளிது. சிறியதும் வியப்பிற்குரியது எனக் கண்டமை தொல்காப்பியரின் நுண்ணறிவுக்குச் சான்று. மேலும், ‘ஐ’ என்னும் ஓரெழுத்துச் சொல்லையும் அவர் வியப்புப் பொருட்டு என உரியியலிற் கூறியுள்ளார். புதிய பொம்மையைக் கண்ட குழந்தை ‘ஐ!’ என இன்றும் கூவுவதைக் கேட்போர்க்கு அவ்விதி ஏட்டளவில் நின்றதாகத் தோன்றாது.

மொழிபெயர்ப்போர் மிகவும் வழுவுமிடம் ‘வண்டர்’ என்னும் சொல்லாகும். பெயராய் நிற்குங்கால் அது வியப்பே. ஆயின், ‘அவன் வருவானா என்று நான் வியக்கிறேன்’ எனச் சிலர் எழுதும் தொடரில் வியப்பு ஏதுமில்லை; ஐயமே உளது. ‘அவன் வருவானோ!’ என்றால் அப்பொருள் முற்றும் அமையும். பழந்தமிழர் இவ்விடத்துக் ‘கொல்’ என்னும் இடைச்சொல்லைப் பெய்தனர். ஓர் ஓகாரத்தால் முடிவதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் சிதைத்தல் தகாது.

சொற்கள் மிகைவழக்கால் தேய்தலும் உண்டு. அச்சங்கலந்த பெருவியப்பைக் குறித்த ஆங்கில ‘ஓஃபுல்’ இன்று வெறுக்கத்தக்கது என்னும் அளவிற் குறுகிவிட்டது. தமிழிலோ ‘பயங்கர அழகு’ என்பாரும் உளர். சிறு நிகழ்ச்சிக்கெல்லாம் பெருஞ்சொல்லைச் செலவிடுவோர்க்கு, உண்மையிற் பெரியது எதிர்ப்படும்போது சொல் எஞ்சுவதில்லை.

மெய்யியலின் தோற்றுவாய் வியப்பே எனக் கிரேக்க அறிஞராகிய பிளேற்றோவும் அரிஸ்ரோட்டிலும் கருதினர். வியப்பைக் குறித்த ஆங்கிலச் சொல்லே ஐயத்தையும் ஆராயும் விருப்பையும் குறிக்கலானது இதனோடு இயைந்தே நிற்கின்றது. ஆதலின், எதிர்பாராமை, திகைப்பு, மருட்சி, அதிர்ச்சி, அற்புதம் என ஒவ்வொன்றையும் அதனதன் இடமறிந்து வழங்கப் பயிலுதல் வெறுஞ் சொற்பயிற்சியன்று. எதனைக் கண்டு, எக்காரணத்தால் உள்ளம் வியந்தது எனப் பகுத்தறியும் பயிற்சியும் அதுவே. அறிவு வளர்தற்கு முதற்படியும் அதுவேயாம்.