திறப்பின்றித் திறத்தல்

சாவியை யாழ்ப்பாணத்தில் திறப்பு என்போம். திறப்பின்றிப் பூட்டைத் திறப்பது கள்வர் கலை என்றே பலரும் எண்ணுகிறோம். எட்மண்டனில் என் பொழுதுபோக்கு அதுதான். திறப்பவை நானே வாங்கிய பூட்டுகள் மட்டும்.

கருவிகள் இரண்டு. வளைந்த தட்டைக் கம்பி ஒன்று பூட்டின் உருளையை மெல்லத் திருப்பிப் பிடிக்கும். முனை நிமிர்ந்த இன்னொரு கம்பி உள்ளிருக்கும் ஊசிகளை ஒவ்வொன்றாக உயர்த்தும். எந்தப் பூட்டிலும் துளைகள் நூல் பிடித்தாற்போல அமைவதில்லை. ஆகவே ஒரு நேரத்தில் ஓர் ஊசியே இறுகும்; அது சரியான உயரத்துக்கு வந்ததும் உருளை மயிரிழை அசையும். அந்த அசைவை விரல் உணரவேண்டும்.

கார்க் கண்ணாடித் துடைப்பானின் எஃகுப் பட்டையே எனக்கு மூலப்பொருள். சாணை பிடிக்கும்போது அடிக்கடி நீரில் தோய்க்கவேண்டும். சூடேறினால் எஃகின் விறைப்புப் போய்விடும். பிறகு உப்புத்தாளால் தேய்ப்பேன். சொரசொரப்பு இருந்தால் ஊசியின் அசைவு கைக்கு எட்டாது.

ஜோசப் பிரமா 1784 இல் காப்புரிமை பெற்றவர். திறப்பவருக்கு 200 கினி என்ற சவாலுடன் அவரது பூட்டொன்று பிக்காடிலிக் கடைச் சாளரத்தில் பல பத்தாண்டுகள் இருந்தது. 1851 இல் அமெரிக்கர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் 16 நாட்களில் சுமார் 51 மணிநேரம் உழைத்து அதைத் திறந்தார். குறையைச் சொன்னால் திருடருக்கு உதவியாகாதா என்று அன்றே கேட்டார்கள். திருடர் அதை முன்பே அறிவர், அறியாதவர் வீட்டுக்காரரே என்பதுதான் ஹாப்ஸ் தரப்பின் வாதம்.

இங்குள்ள 1968 ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டமும் கம்பியைக் குற்றவாளியாக்கவில்லை. களவுக்கென்று அதை வீட்டுக்கு வெளியே கொண்டுபோவதே குற்றம்.