அத்தை நடக்க ஒரு இடம் வேணும்!

என் அத்தைக்கு (மனைவியின் அம்மா) சர்க்கரை. தினமும் நாற்பது நிமிஷம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரையின் பேரை எழுதித் தந்த மனிதர், ராஜபாளையத்தில் எங்கே நடப்பது என்பதை மட்டும் எழுதித் தரவில்லை!

முதல் நாள் மெயின் ரோட்டில் நடந்தார். அது திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகிற நெடுஞ்சாலை. தென்காசி பஸ் ஒன்று அடித்த ஹாரனில் பக்கத்து இளநீர்க் கடைக்குள் தாவி ஏறிவிட்டார். இரண்டாம் நாள் தெருவுக்குள்ளேயே நடந்தார். ராஜபாளையம் நாய்க்கு உலகப் புகழ் உண்டுதான். ஆனால் அத்தையைத் துரத்தியது எந்த வகையிலும் சேராத சாதா தெருநாய். மூன்றாம் நாளிலிருந்து மொட்டை மாடி. புளியங்கொட்டை அறுபதைக் கிண்ணத்தில் போட்டு வைத்துக்கொண்டு, ஒரு சுற்றுக்கு ஒரு கொட்டையாக எடுத்துப் போடுவார். ஒரு வாரம் போயிருக்கும்.

"மாப்ளே, செக்குமாடு மாதிரி இருக்கு. தலை சுத்துது. நடக்கிறதுக்குன்னு ஊர்ல ஒரு இடம் கிடையாதா?"

கேள்வி நியாயமானது. 2011 கணக்கெடுப்பின்படி ராஜபாளையத்தில் 1,30,000 பேர். பக்கத்திலிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் 75,000. இரண்டு லட்சம் பேர் சாயங்காலம் காற்று வாங்க எங்கே போகிறார்கள்? ஆம்பளைகளுக்குக் கவலையில்லை. டீக்கடை இருக்கிறது. பெரிய தெருக்களில் சாவடி இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து உள்ளூர் அரசியலிலிருந்து அமெரிக்கா வரை அலசலாம். கூட்டம் கேட்க ஜவஹர் மைதானம் இருக்கிறது. பொம்பளைகளுக்கு? கோயில், அதை விட்டால் மொட்டை மாடி.

கொடுக்கிற மனசு இல்லாத ஊரும் இல்லை இது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா, தன் சொந்த வீட்டையே ஊருக்குத் தந்தார். அதுதான் காந்தி கலை மன்றம். இன்றைக்கு வீட்டு வாசலில் அரை அடி கூடுதலாகப் படி கட்டி ரோட்டைப் பிடிக்கிறோம். அது வேறு விஷயம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கதை இன்னும் அழகு. அந்த ஊரின் கதையே ஒரு தோட்டத்தில்தான் ஆரம்பிக்கிறது. பெரியாழ்வார் பெருமாளுக்கு மாலை கட்ட நந்தவனம் வைத்தார், அங்கே துளசிச் செடிக்கடியில் ஆண்டாளைக் கண்டெடுத்தார் என்பது ஊர்க் குழந்தைகள்கூடச் சொல்லும் கதை. அந்த நந்தவனம் இன்றும் கோயிலை ஒட்டி இருக்கிறது. 192 அடி ராஜகோபுரத்தைப் பார்க்க வருகிறவர்கள் அதையும் எட்டிப் பார்த்துவிட்டுப் பால்கோவா வாங்கப் போகிறார்கள். மார்கழி நீராட்ட விழாவுக்கு ஆண்டாள் திருமுக்குளத்துக்கு எழுந்தருளுகிறாள். ஆடிப்பூரத்துக்குத் தேர் ஓடுகிறது. யோசித்துப் பாருங்கள்... நந்தவனம், குளம், நாலு அகல வீதி! 'பொது இடம்' என்று இன்றைக்கு நகரத் திட்டமிடுகிறவர்கள் சொல்வதை அந்தக் காலத்திலேயே செய்து வைத்திருக்கிறார்கள். நாம் புதிதாகச் சேர்த்தது ரத வீதியில் பைக் பார்க்கிங்!

இந்த நேரத்தில்தான் என் மச்சினன் அகமதாபாத் போய்விட்டு வந்தான். போனில் நூறு போட்டோ.

"அத்தான், சபர்மதி ஆத்தங்கரையைப் பார்த்தீகளா? ரெண்டு பக்கமும் நடைபாதை, தோட்டம், போட்டு! நம்ம முடங்கியாத்துல இப்படிப் பண்ணினா என்ன?"

நானும் ஒரு நாள் முழுக்க அந்தக் கனவில்தான் இருந்தேன். ஆனால் பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? வரவு-செலவைப் புரட்ட ஆரம்பித்துவிட்டது.

சபர்மதிக்கென்று 1997-ல் தனிக் கம்பெனியே ஆரம்பித்தார்கள். வேலை தொடங்கியது 2005-ல். மக்கள் நடக்க ஆரம்பித்தது 2012-ல். இரண்டு கரையிலும் பதினொரு கிலோமீட்டருக்கு மேல். பார்க்கக் கண் கொள்ளாதுதான். ஆனால் கரையில் குடிசை போட்டிருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை அதற்காக எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். அப்புறம் இன்னொரு ரகசியம். வருஷத்தில் பாதி நாள் வறண்டு கிடந்த ஆறு அது. இப்போது போட்டோவில் தளும்புகிற தண்ணீர், நர்மதைக் கால்வாயிலிருந்து திருப்பி விட்டது!

தென் கொரியாவின் சியோலில் சோங்கேசோன் ஓடை என்று ஒன்று. அதை மூடி மேலே மேம்பாலம் கட்டியிருந்தார்கள். பாலத்தையே இடித்துத் தள்ளி, 2005-ல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர். உலகமே கைதட்டியது. அங்கேயும் தண்ணீர் பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் போட்டு இறைப்பதுதான். கரண்ட் பில் மாநகராட்சிக்கு.

நமக்கு எந்த நர்மதை? எந்த ஹான்? குடிக்கிற தண்ணீருக்கே மலையடிவார ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தை அண்ணாந்து பார்க்கிற ஊர். அது போதாமல் தாமிரபரணியைக் குழாயில் அழைத்து வந்தோம். இதில் போட்டு விடத் தண்ணீருக்கு எங்கே போவது?

நம் ஆற்றின் சுபாவமும் வேறு. பெரும்பாலான நாள் மணல்தான். மலையில் மழை கொட்டினால் அரை மணி நேரத்தில் காட்டாறு. அய்யனார் கோயில் பக்கம் குளிக்கப் போகிறவர்களை வனத்துறை தடுத்து நிறுத்துவது இதனால்தான். கீழே வெயில் அடிக்கும், மேலே இருந்து வெள்ளம் வரும். அங்கே இருக்கிற சாமியின் பேரே நீர்காத்த அய்யனார். பேர் வைத்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அந்த ஆற்றுப் படுகையில் சிமெண்ட் பெஞ்ச் போடுவது, பெஞ்சை மன்னார் வளைகுடாவுக்கு அனுப்பி வைப்பதற்குச் சமம்.

சரி, காட்டுக்கே போய்விடலாமா? செண்பகத்தோப்புப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது 1988-லிருந்து சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம். 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். அதாவது அது அணிலின் வீடு, புலியின் வீடு. நாம் விருந்தாளி. பிரியாணிப் பொட்டலத்தையும் பாட்டிலையும் போட்டுவிட்டு வருகிற விருந்தாளியை எந்த வீட்டில் சேர்ப்பார்கள்?

அப்படியானால் நமக்கு ஆற்றங்கரையே கிடையாதா என்றால், இருக்கிறது. அதற்குப் பேர் கண்மாய்க் கரை!

மலையிலிருந்து வருகிற தண்ணீர் கண்மாய் கண்மாயாகத்தான் இறங்குகிறது. ஒன்று நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்ததுக்கு. இரண்டு ஊரையும் சுற்றி இப்படிக் கண்மாய்கள். கரை ஏற்கெனவே இருக்கிறது. மேட்டில் இருக்கிறது, காற்று வருகிறது. மேற்கே பார்த்தால் மலை, கீழே பார்த்தால் (மழை பெய்திருந்தால்) தண்ணீர், கொக்கு, நாரை. இதைவிட என்ன வேண்டும்? வேண்டியது ரொம்பச் சின்னப் பட்டியல். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும். கரை மேல் மண்ணைக் கெட்டித்து நடைபாதை. நாலு விளக்கு. ஒரு சுத்தமான கழிப்பறை, அதுவும் பெண்களுக்கு முதலில்.

ஒரு எச்சரிக்கை உண்டு. பூங்கா வேண்டும் என்ற ஆசையில் கண்மாயின் உள்வாயில் மண்ணடித்து ஊஞ்சல் கட்டிவிடக் கூடாது. உள்வாய் என்பது தண்ணீர் தங்குகிற மடி. அதைச் சுருக்கினால் அடுத்த ஐப்பசியில் தண்ணீர் நம் வீட்டு ஹாலில் வந்து உட்காரும். ஊர்க் கிணறும் போர்வெல்லும் ஊறுவது அதை நம்பித்தான். கரை மேலேயே ஆலும் அரசும் நடுவதும் ஆபத்து. பெரிய வேர் கரையைப் பிளக்கும். நம் ஆட்கள் பனையை வைத்தார்கள். வேம்பும் புங்கையும் கரைக்கு வெளியே, அடிவாரத்தைத் தள்ளி நிற்கட்டும்.

இதை விவசாயி அண்ணாச்சி ஒருவரிடம் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நடங்க தம்பி, வேண்டாம்னு யார் சொன்னா? மடைக்கிட்ட சிமெண்ட் பூசி அழகு பண்றேன்னு மட்டும் வந்துராதீக. எனக்குத் தண்ணி வரணும்" என்றார். எந்தத் திட்ட அறிக்கையிலும் இதுதான் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

காசு? கட்டுகிற காசு எப்படியோ வந்துவிடும். பராமரிக்கிற காசுதான் வராது. எனக்குத் தெரிந்த ஒரு பூங்காவில் (ஊர் பேர் வேண்டாம்) திறப்பு விழாக் கல்வெட்டு, சறுக்கு மரத்தைவிட உயரம். ஒரே வருஷத்தில் ஊஞ்சலில் சங்கிலி இருந்தது, பலகை இல்லை. அப்புறம் பலகை வந்தது, சங்கிலி இல்லை. இப்போது இரண்டும் இருக்கிறது, கேட்டில் பூட்டு. சாவி வைத்திருக்கிற ஆள் மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் இன்னும் வரவில்லை.

இன்னொரு சொத்தும் நம் கையில் இருக்கிறது. பெரிய மனைப் பிரிவு போட்டால் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது விதி. பிளாட் விற்கிற நோட்டீஸில் பச்சை மையில் 'பூங்கா' என்று வட்டம் போட்டிருப்பார்களே, அது இதுதான். நீங்கள் மனை வாங்கியிருந்தால் ஒரு நடை போய்ப் பாருங்கள். பச்சை வட்டம் இருக்க வேண்டிய இடத்தில் மாட்டுக் கொட்டகையோ செங்கல் அடுக்கோ இருந்தால், பத்திர நகலோடு நகராட்சியிலோ ஊராட்சியிலோ ஒரு மனு கொடுங்கள். கண்மாய் தூரத்தில் இருக்கிற தெருக்காரர்களுக்கு அதுதான் நடக்க இடம்.

போன வாரம் அத்தையை ஊரோரக் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப் போனேன். விடிகாலை ஐந்தே முக்கால். கருவேல முள், ஒரு பக்கம் குப்பை, விளக்கு கிடையாது. நான் டார்ச் அடித்துக்கொண்டு முன்னால் போனேன். செருப்பில் முள் ஏறி இரண்டு தடவை நின்றோம். மூன்றாவது தடவை நின்றபோது எதிரே இரண்டு பெண்கள், கையில் கம்போடு, அவர்களும் நடக்கத்தான் வந்திருக்கிறார்கள்.

"உங்களுக்கும் சுகரா?" என்றார் அத்தை.

"எனக்கு பி.பி., இவளுக்குத்தான் சுகர். துணைக்கு ஆளில்லாம பாதியோட திரும்பிடுவோம். நாளைக்கும் வருவீகளா?"

அத்தை என்னைப் பார்த்தார். திரும்பி வரும்போது வழியில் கடையை நிறுத்தி, டார்ச்சுக்குப் புது செல் வாங்கச் சொன்னார். புளியங்கொட்டை குழம்புக் கிண்ணத்துக்கு அடியில் அப்படியே கிடக்கிறது.