கூட்டுறவைப் பிரசங்கித்த போதகர்: தோயோஹிகோ ககாவா

தோயோஹிகோ ககாவா 1888 ஜூலை 10 அன்று ஜப்பானின் துறைமுக நகரமான கோபேயில் பிறந்தார். தந்தை வணிகத்திலும் அரசியலிலும் செல்வாக்குள்ளவர். தாய் ஒரு கெய்ஷா, அதாவது விருந்துகளில் ஆடிப்பாடும் கலைஞர். தந்தைக்கு முறைப்படி மணமான மனைவி அல்ல. ககாவாவுக்கு ஐந்து வயது நிறையும் முன்பே இருவரும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். தந்தையின் பூர்வீக ஊரான தோக்குஷிமா பகுதிக்கு அனுப்பப்பட்ட சிறுவன், பெரிய வீட்டில் பாசம் கிடைக்காத பிள்ளையாக வளர்ந்தான். அந்த ஊரில் ஆங்கிலம் கற்பித்துவந்த அமெரிக்க மிஷனரிகள் சார்லஸ் லோகன், ஹாரி மையர்ஸ் இருவரும் அவனைப் பிள்ளைபோல் நடத்தினார்கள். 1904இல் ககாவா ஞானஸ்நானம் பெற்றார். இறையியல் படிக்கப் போவதாகச் சொன்னதும் உறவினர் பண உதவியை நிறுத்திக்கொண்டனர். தோக்கியோவின் மெய்ஜி ககுயின் கல்லூரியிலும், பிறகு கோபே இறையியல் கல்லூரியிலும் படித்தார். இதற்கிடையே காசநோய் அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோனது.

எப்படியும் நீண்ட நாள் இருக்கப் போவதில்லை, இருக்கும் நாளை ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்த அந்த இருபத்தொரு வயது மாணவர், 1909ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தன் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு கோபேயின் ஷின்காவா குடிசைப்பகுதிக்குக் குடிபோனார். கூலிகள், பிச்சைக்காரர்கள், சூதாடிகள், பாலியல் தொழிலாளர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. அங்கே அவர் பிடித்த வீடு, ஒரு கொலை நடந்து, பேய் நடமாடுவதாகப் பேசப்பட்ட வீடு என்பதால் வாடகை குறைவு. ஆறடிக்கு ஆறடி அறைகள் கொண்ட அந்த வீட்டில், இடமில்லை என்று வந்தவர்களையெல்லாம் ககாவா சேர்த்துக்கொண்டார். தங்கவந்தவர்களிடமிருந்து சொறியும் டிராக்கோமா என்ற கண்நோயும் அவருக்கு ஒட்டிக்கொண்டன. கண்நோய் கடைசிவரை விடவில்லை. பல தடவை பார்வையே போகும் நிலைக்கு வந்தார். குடிவெறியில் வந்த ரௌடி ஒருவன் அடித்து அவர் முன்பற்களை உடைத்தான்.

பகலில் நோயாளிகளைப் பார்ப்பது, அநாதைப் பிணங்களை அடக்கம் செய்வது, தெருமுனையில் நற்செய்தி சொல்வது என்று வேலை ஓடியது. ஷின்காவாவில் அவர் கண்டவற்றில் மிகக் கொடியது குழந்தைகளைத் ‘தத்து’ எடுக்கும் வியாபாரம். வேண்டாத பிள்ளையை வளர்ப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, பிறகு கஞ்சித் தண்ணீர் மட்டும் ஊற்றிச் சாகவிடுவார்கள். அப்படிப்பட்ட ஒரு கைக்குழந்தையை மீட்டு ககாவா தானே வளர்க்கப் பார்த்தார். மலிவு விலையில் சாப்பாடு போட ஓர் உணவுக்கடையும் திறந்தார். சாப்பிட்டவர்கள் காசு கொடுக்காமல் போனதால் கடை சீக்கிரமே மூடப்பட்டது.

1913இல் அச்சகத் தொழிலாளியான ஷிபா ஹாருவை மணந்தார். ககாவாவின் கதையைச் சொல்பவர்கள் ஹாருவை இரண்டு வரியில் கடந்துவிடுவது வழக்கம், அது நியாயமல்ல. கணவரோடு அதே குடிசைப்பகுதியில் குடியிருந்து, அங்குள்ள பெண்களிடையே வேலை செய்து, அதே கண்நோயால் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர் அவர்.

அந்த ஆண்டுகளில் ஒரு கணக்கு ககாவாவை அரித்துக்கொண்டே இருந்தது. ஒருவரைக் கைதூக்கி வெளியே அனுப்பினால், வேலையிழந்த வேறு இருவர் ஷின்காவாவுக்குள் வந்து விழுந்தார்கள். 1914இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குப் படிக்கப் போனார். நியூயார்க்கில் தையல் தொழிலாளர்கள் திரண்டு ஊர்வலம் போவதைப் பார்த்தபோது அவருக்கு விடை கிடைத்தது: தர்மம் கொடுத்து வறுமையை ஒழிக்க முடியாது, ஏழைகளே அமைப்பாகத் திரண்டால்தான் முடியும். 1917இல் ஊர் திரும்பிய ககாவா நேராகத் தொழிற்சங்க வேலையில் இறங்கினார். பிரசங்கத்தை அவர் விட்டுவிடவில்லை. சங்கம் கட்டுவதும் சிலுவையின் அன்பைச் செயலில் காட்டுவதும் அவருக்கு ஒரே ஊழியம்தான்.

1920இல் வெளிவந்த ‘சாவுக் கோட்டைத் தாண்டி’ என்ற தன்வரலாற்று நாவல் ஜப்பானில் லட்சக்கணக்கில் விற்று அவரை நாடறிந்தவராக்கியது. புத்தகப் பணம் பெரும்பாலும் சங்கங்களுக்கும் குடிசைப்பகுதி வேலைக்கும் போனது. 1921 கோடையில் கோபேயின் கவாசாகி, மிட்சுபிஷி கப்பல் கட்டும் தளங்களில் முப்பதாயிரம் பேரளவில் தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கியபோது முன்னணியில் நின்றார். வன்முறை கூடாது என்று வற்புறுத்தினார். போராட்டம் தோற்றது; ககாவா சிறைக்குப் போனார். அகிம்சையைப் பிடித்துக்கொண்டு தோற்கடித்துவிட்டார் என்று தீவிரமான தோழர்கள் குறைசொன்னார்கள். மறு ஆண்டே சுகியாமா மோதோஜிரோவுடன் சேர்ந்து குத்தகை விவசாயிகளுக்காக ஜப்பான் விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்.

ஆனால் நின்று நிலைத்தது அவரது கூட்டுறவு வேலைதான். நாசு ஜென்ஜி என்ற செல்வந்தர், தன் பணத்தை எந்த நற்காரியத்துக்குச் செலவிடலாம் என்று ஆலோசனை கேட்டு வந்தார். தானம் வேண்டாம், நுகர்வோர் கூட்டுறவுச் சங்கம் தொடங்குங்கள் என்றார் ககாவா. உறுப்பினர்கள் சிறு சிறு பங்கு போட்டு, அரிசியையும் மற்றப் பண்டங்களையும் மொத்தமாக வாங்கி, இடைத்தரகரில்லாமல் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும்; லாபமும் உறுப்பினருக்கே திரும்ப வேண்டும். 1921இல் கோபேயிலும் பக்கத்திலுள்ள நாடா என்ற பகுதியிலும் இப்படித் தொடங்கிய இரண்டு சங்கங்கள் 1962இல் ஒன்றாகி, 1991இலிருந்து ‘கோ-ஆப் கோபே’ என்ற பெயரில் இயங்குகின்றன. பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர் கொண்ட இது, உலகின் மிகப் பெரிய நுகர்வோர் கூட்டுறவு அமைப்புகளில் ஒன்று.

1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தில் தோக்கியோ வட்டாரம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. ககாவா உடனே கோபேயிலிருந்து கிளம்பி, எரிந்துபோன ஹோன்ஜோ பகுதியில் நிவாரண முகாம் அமைத்தார். பின்னர் தோக்கியோவில் கூட்டுறவு மருத்துவமனை உருவாகவும் பாடுபட்டார். அதன் தலைவராக அறிஞர் நிதோபே இனாஜோவைக் கொண்டுவந்தார். கூட்டுறவு பற்றிப் பேச 1935இன் கடைசியில் அமெரிக்கா போனபோது, கண்நோயைக் காரணம் காட்டி அதிகாரிகள் சான் பிரான்சிஸ்கோவில் தடுத்துநிறுத்தினர். அதிபர் ரூஸ்வெல்ட் தலையிட்ட பிறகே உள்ளே விட்டார்கள்.

1938 டிசம்பரில் அவர் தமிழ்நாட்டுக்கும் வந்தார். தாம்பரத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் ஜப்பானியப் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார். அப்போது ஜப்பான் சீனாவில் படையெடுத்து அட்டூழியம் செய்துகொண்டிருந்தது. மாநாடு முடிந்து 1939 ஜனவரியில் குஜராத்தின் பர்தோலியில் காந்தியைச் சந்தித்தபோது, போரைப் பற்றி ஜப்பானியர் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் காந்தி கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று. தன் நாட்டில் தானொரு மாறுபட்ட கருத்துக்காரன் என்றார் ககாவா. அப்படியானால் அதை வெளிப்படையாகச் சொல்லி, சுடப்பட்டாலும் சாவதே சரி என்று காந்தி தயங்காமல் பதில் சொன்னார். ககாவா ஊர் திரும்பிக் குடும்பமும் சங்கங்களும் இருக்கும் நாட்டில் அதைச் செய்ய வேண்டியவர். கேள்வி கேட்டவருக்கும் பதில் தேடியவருக்கும் இடையே இருந்த தூரம் அந்த உரையாடலில் தெரிகிறது.

தன் நூலொன்றின் சீன மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில் ககாவா முன்பே சீனர்களிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார். 1940 ஆகஸ்டில் போர் எதிர்ப்புக் கருத்துகளுக்காக இராணுவப் போலீஸ் அவரைக் கைதுசெய்தது. 1941இல் அமெரிக்காவுக்குச் சென்ற கிறிஸ்தவ அமைதிக் குழுவிலும் இருந்தார். ஆனால் போரின் கடைசிக் கட்டத்தில் அமெரிக்காவைக் கண்டித்து வானொலியில் பேசினார். அமெரிக்கக் குண்டுவீச்சைக் கண்ட ஆத்திரமா, அரசின் நெருக்கடியா என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். எதுவானாலும் அது அமைதிவாதியின் வழுக்கலே.

போருக்குப் பின் சோஷலிஸ்ட் கட்சி உருவாவதில் பங்கெடுத்தார். 1951இல் அமைந்த ஜப்பான் நுகர்வோர் கூட்டுறவு ஒன்றியத்தின் முதல் தலைவரானார். இலக்கியத்துக்கும் அமைதிக்குமான நோபல் பரிசுகளுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1960 ஏப்ரல் 23 அன்று தோக்கியோவில் காலமானார்.

இறந்த சில ஆண்டுகளில் அவருடைய எழுத்துகள் 24 தொகுதிகளாக வெளிவந்தன. அதிலிருந்துதான் அவரைப் பற்றிய கடுமையான விமர்சனமும் எழுந்தது. ஏழைகளின் உளவியல் பற்றி 1915இல் எழுதிய ஆய்வு நூலில், பிறப்பால் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட புராக்கு மக்களைப் பிறவியிலேயே வேறு இனத்தவர், குற்றப் போக்குள்ளவர் என்ற தொனியில் எழுதியிருந்தார். அவர்களிடையே வாழ்ந்தவரே இப்படி எழுதியதை அந்த மக்களின் விடுதலை அமைப்புகள் மன்னிக்கவில்லை. ஜப்பான் திருச்சபைக்குள்ளும் 1980களில் இது நீண்ட விவாதமானது.