ஆற்றுநீரில் கரைந்த கரிமப் பொருளின் ஒளிச்சிதைவு

கரைந்த கரிமப் பொருளின் ஒளிச்சிதைவு என்பது ஆறு, ஏரி, குளம் ஆகியவற்றின் நீரில் கரைந்துள்ள கரிமச் சேர்மங்கள் சூரிய ஒளியால் உடைந்து வேறு பொருள்களாக மாறும் வேதிவினையாகும்.

கரைந்த கரிமப் பொருள்

இலை, வேர், பாசி ஆகியவை மட்கும்போது உண்டாகும் சேர்மங்கள் மழைநீருடன் ஆற்றில் கலக்கின்றன. பொதுவாக 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிதாளைக் கடந்து செல்பவை கரைந்தவை எனக் கொள்ளப்படுகின்றன. இவற்றுள் இயூமிக், ஃபுல்விக் அமிலங்கள் நீருக்குத் தேநீர் போன்ற பழுப்பு நிறம் தருகின்றன.

வினை நடைபெறும் முறை

இந்நிறமுள்ள மூலக்கூறுகள் புறஊதாக் கதிர்களையும் நீல ஒளியையும் உறிஞ்சுகின்றன. அந்த ஆற்றலால் சில பிணைப்புகள் நேரடியாக உடைகின்றன. இது நேரடி ஒளிச்சிதைவு. உறிஞ்சிய ஆற்றல் நீரிலுள்ள ஆக்சிசனுக்குச் செல்லும்போது ஒற்றைநிலை ஆக்சிசன், ஐதரசன் பெராக்சைடு, ஐதராக்சில் தனியுறுப்பு முதலியன உருவாகி, பிற மூலக்கூறுகளைத் தாக்குகின்றன. இது மறைமுக ஒளிச்சிதைவு.

விளைவுகள்

- நீரின் நிறம் மங்குகிறது.
- கரிமத்தின் ஒரு பகுதி கார்பனீராக்சைடாகவும், சிறிதளவு கார்பனோராக்சைடாகவும் மாறுகிறது.
- பெரிய மூலக்கூறுகளிலிருந்து ஃபார்மிக், அசிட்டிக் அமிலம் போன்ற சிறியவை உண்டாகி பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன.

அலாசுக்காவின் ஆர்க்டிக் பகுதியில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஏரி, ஆறுகளின் நீரில் மாற்றமடையும் கரைந்த கரிமத்தில் 70 முதல் 95 விழுக்காடு வரை ஒளியினால் மாறுவதாகக் கண்டறியப்பட்டது.

சங்கராபரணி ஆறு

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிப் பகுதிக் குன்றுகளில் தோன்றும் சங்கராபரணி, செஞ்சி ஆறு என்றும் வராக நதி என்றும் அழைக்கப்படுகிறது. வீடூர் அணையைக் கடந்து புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. இத்தகைய பருவகால ஆறுகளில் ஒளியின் பங்கு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தில் கரிமப் பொருள் மிகுதியாக வந்தாலும், வண்டலால் நீர் கலங்குவதால் ஒளி ஆழம் செல்வதில்லை. வெள்ளம் வடிந்து வண்டல் படிந்தபின், ஆழமற்ற தேங்குநீரில் ஒளி அடிவரை எட்டுகிறது. நீர் நெடுநாள் தங்குவதால் வினைக்கும் காலம் கிடைக்கிறது.

குடிநீருடன் தொடர்பு

குளோரின் இடும்போது நீரில் எஞ்சியுள்ள கரிமப் பொருள் அதனுடன் வினைபுரிந்து குளோரோஃபார்ம் போன்ற டிரைஆலோமீத்தேன்களை உருவாக்கும். இதை நெதர்லாந்தின் யோகான்னசு ரூக் 1974இல் வெளியிட்டார். வெயிலில் நிறம் மங்கிய நீரிலும் நிறமற்ற கரிமச் சேர்மங்களும் நோய்க்கிருமிகளும் இருக்கக்கூடும். ஆகவே தெளிந்த நீர் அனைத்தும் குடிக்கத் தக்கதன்று. கரிமப் பொருளை முடிந்தவரை நீக்கியபின் குளோரின் இடுவதே பாதுகாப்பானது.