பேகல் என்னும் வளையப் பாண்

பொருள் மிகுந்த அடுக்களையிற் சுவை மிகுதல் வியப்பன்று. பொருள் குறைந்தவிடத்தும் சுவை குன்றாதிருக்குமாயின், அது செய்முறையானும் கைத்திறத்தானும் வந்ததென்றே கொள்ளல் வேண்டும். இதற்கு யான் காட்டும் சான்று பேகல் என்னும் வளையப் பாண். கோதுமை மா, நீர், உப்பு, ஈஸ்ட் என்னும் நான்குமே அதற்கு முதற்பொருள்கள். சிறிது சீனி சேர்ப்பாரும் உளர். முட்டையும் வெண்ணெயும் வேண்டா. ஆயின், நாம் நாடோறும் உண்ணும் பாணுக்கும் இவையே பொருள்கள். அங்ஙனமாகப் பாண் வேறு, பேகல் வேறு என்று நா உணர்வது எதனால்?

முதற்கண் பெயரை நோக்குவோம். கிழக்கு ஐரோப்பிய யூதரின் இத்திஷ் மொழியிலிருந்து வந்த சொல் இது. வளையம், கைவளை எனப் பொருள்படும் பழைய ஜெர்மன் சொல்லோடு உறவுடையது. வடிவமே பெயராயிற்று என்க. 1683ஆம் ஆண்டில் வியன்னா நகரைத் துருக்கியர் முற்றுகையினின்றும் மீட்ட போலந்து மன்னன் யோன் சோபீஸ்கிக்குச் சிறப்புச் செய்தற்பொருட்டு, அவன் குதிரையின் அங்கவடி வடிவில் இதனை ஒருவன் முதன்முதற் செய்தான் என்று கதை கூறுவாரும் உளர். கதை இனிது, காலம் ஒவ்வாது. கிராக்கோவ் நகர யூதர் சமூகத்தார் 1610ஆம் ஆண்டு வகுத்த விதிகளிலேயே இப்பண்டம் பெயரோடு குறிக்கப்படுகின்றது. எழுபத்து மூன்று ஆண்டு பிந்திய நிகழ்ச்சி முந்திய பண்டத்துக்கு மூலமாதல் யாங்ஙனம்? சொல்லாராயும் மாணவர் இதனை நினைவிற் கொள்வாராக.

இனிச் செய்முறை. யான் வீட்டிற் கையாளும் அளவு வருமாறு: கோதுமை மா 500 கிராம், நீர் 280 மில்லிலீற்றர், உப்பு 10 கிராம், உலர்ந்த ஈஸ்ட் 5 கிராம், சீனி ஒரு மேசைக்கரண்டி. இவற்றை ஒன்றுசேர்த்துப் பத்து நிமிடம் நன்றாகப் பிசைதல் வேண்டும். பாணுக்குப் பிசைந்த மாவினும் இது இறுக்கமாயிருத்தல் நன்று. மூடிவைத்து ஒரு மணி நேரம் பொங்கவிட்டு, எட்டு உருண்டைகளாக்கி, நடுவே விரலாற் றுளையிட்டு அகலிக்க. துளை சற்றுப் பெரிதாயிருக்கட்டும். மா பொங்குங்கால் அது சுருங்கும். இருபது நிமிடம் கழித்து, கொதிநீரில் இட்டு, பக்கத்துக்கு ஒரு நிமிடமாக வேகவைத்து எடுக்க. நீர் வடிந்தபின் 220 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள போறணையில், பொன்னிறம் வரும்வரை, ஏறக்குறைய இருபது நிமிடம் சுடுக.

மேலே எழுப்பிய வினாவுக்கு அக்கொதிநீரே விடை. வெந்நீர் பட்டவுடன் மேற்புறத்து மாப்பொருள் வீங்கிக் கூழாகி, மெல்லிய உறைபோற் படிகின்றது. பின்னர்ப் போறணையில் உள்ளிருந்து எழும் காற்றுக்கு அவ்வுறை அணையாகி நிற்கும். ஆதலின் பேகல் பாணைப்போல் உப்பி மிருதுவாகாது. உள்ளே செறிவும் புறத்தே மினுக்கமும் பெறுகின்றது.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நியூயோர்க் நகரிற் பேகல் செய்யும் தொழில் லோக்கல் 338 என்னும் சங்கத்தாரிடம் இருந்தது. உறுப்பினர் ஏறக்குறைய முந்நூறு பேரே. தொழிலுரிமை பெரும்பாலும் தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் சென்றது. டானியல் தொம்சன் என்பார் இயற்றிய பேகற் பொறியை 1963இல் லெண்டர் குடும்பத்தார் தம் வெதுப்பகத்தில் நிறுவினர். அதன்பின் கைத்தொழிலாளர் செல்வாக்குத் தேய்ந்தது. பொறியை யான் பழித்தேனல்லேன்; பேகலை அறியாத ஊர்களுக்கும் அதனைக் கொண்டுசேர்த்தது பொறியே. ஆயினும், காலத்தை மிச்சப்படுத்தக் கருதிய வெதுப்பகங்கள் பல, கொதிநீரைக் கைவிட்டு நீராவி பாய்ச்சிச் சுடலாயின. அவ்வழி வருவது துளையுள்ள மென்பாணே. பெயர் நின்றது; பெயருக்குரிய இயல்பு நீங்கிற்று.

ஒரு பண்டத்தின் மரபு அழிவது பெரும்பாலும் அதன் பொருள்கள் கிடையாமையால் அன்று. 'இஃது இன்றியும் அமையும்' என்று ஒரு படியை விட்டுவிடுதலால் ஆகும். பேகலைப் பேகலாக்கும் படிக்கு வேண்டுவன ஒரு பானை நீரும் இரண்டு நிமிடமுமே. அவ்விரண்டு நிமிடத்தை ஈவோர் அடுக்களையில், கிராக்கோவ் நகரார் பெயரிட்டழைத்த பண்டம் இன்றும் பொருளோடு வாழும்.