வெறியாட்டும் கவுன்சிலிங்கும்: பதின்வயதினரின் பதற்றம் குறித்துச் சில குறிப்புகள்

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளையிடம் 'கவுன்சிலிங் போனியா?' என்று கேட்டால், பொறியியல் கல்லூரியில் இடம் பிடிக்கிற கவுன்சிலிங்கைத்தான் கேட்கிறோம் என்று அது எடுத்துக்கொள்ளும். இந்தச் சொல்லுக்கு இன்னொரு வழக்கும் உண்டு. 'இவனுக்குக் கொஞ்சம் கவுன்சிலிங் குடுங்க சார்' என்று ஆசிரியரிடம் ஒரு தகப்பனார் சொன்னால், நாலு வார்த்தை புத்தி சொல்லி வழிக்குக் கொண்டுவாருங்கள் என்று அர்த்தம். முதலாவதில் மதிப்பெண் முடிவு செய்கிறது, இரண்டாவதில் பெரியவர்கள். இரண்டிலும் பிள்ளை பேசுவதற்கு வேலை இல்லை. பிள்ளை பேச, மற்றவர் கேட்கிற மூன்றாவது கவுன்சிலிங் ஒன்று இருக்கிறது. உளச்சிகிச்சை என்று நாம் எழுதுவது அதைத்தான். அது நம் சூழலில் ஏன் வேர்பிடிக்கவில்லை என்பது வெறும் மருத்துவப் பிரச்சினை அல்ல என்று நினைப்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பதற்றம் என்றால் என்ன? தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. நான்குமே வெளியே, கண்ணுக்கெதிரே இருப்பவை அல்லது இருப்பதாக நம்பப்படுபவை. புலி போய்விட்டால் அச்சமும் போய்விடும். பதற்றம் அப்படியல்ல. புலி வரவே இல்லை. வந்துவிடுமோ என்ற நினைப்பு மட்டும் இருக்கிறது. ஆனால் உடம்புக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, உள்ளங்கை வேர்க்கிறது, மூச்சு முட்டுகிறது. 'மெய்ப்பாடு' என்ற சொல்லே உடம்பில் வெளிப்படுவதைக் குறிப்பதுதான். நம் பிள்ளைகளும் 'எனக்குப் பதற்றமாக இருக்கிறது' என்று வந்து சொல்வதில்லை. 'வயித்த வலிக்குதும்மா' என்றுதான் சொல்கிறார்கள். வீடு அதை வயிற்று வலியாகவே எடுத்துக்கொண்டு ஸ்கேன் எடுக்கப் போகிறது.

தேர்வுக்கு முந்தைய இரவு தூக்கம் வராதது நோயல்ல. அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடித்து, பள்ளிக்குப் போவது, பேசுவது, சாப்பிடுவது ஆகியவற்றையே முடக்கும்போதுதான் அது வேறு விஷயம். 2015-16இல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் ஒன்று. 13 முதல் 17 வயது வரையிலானோரில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகவும், அவற்றுள் பதற்றக் கோளாறுகளே அதிகம் (3.6 சதவீதம்) என்றும் அது சொன்னது. நாற்பது பேர் இருக்கிற வகுப்பறையில் ஒருவர் அல்லது இருவர் என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் சத்தமில்லாமல் இருக்கிற பிள்ளைகள். 'ரொம்ப அமைதியான பொண்ணு' என்று ஆசிரியர்கள் பாராட்டுகிற பிள்ளையாகக்கூட இருக்கலாம்.

எனக்குத் தெரிந்த அப்படி ஒரு பெண் பதினொன்றாம் வகுப்பில் இருந்தாள். வகுப்பில் எழுந்து பதில் சொல்ல முடியாது. பெயர் கூப்பிட்டாலே குரல் அடைத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமே வயிற்று வலி ஆரம்பித்துவிடும். திங்கட்கிழமை லீவு. லீவு என்று முடிவானதும் வலி போய்விடும். 'பாத்தியா, நடிக்கிறா' என்றார் அப்பா. 'இல்ல, வாய்வு' என்றார் அம்மா. பாட்டி மந்திரித்துக் கயிறு கட்டினார். மூவருமே கவனிக்காதது அந்த நிம்மதியை. பதற்றம் வாழ்வதே அதில்தான். பயந்த இடத்தைத் தவிர்த்ததும் உடம்பு ஆசுவாசப்படுகிறது. 'போகாமல் இருந்ததால்தான் தப்பித்தோம்' என்று மூளை படித்துக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வருகிறது. பள்ளியில் தொடங்கியது கடைக்குப் போவதற்கு, விருந்தாளி வந்தால் வெளியே வருவதற்கு என்று பரவுகிறது. பாசத்தோடு வீடு கொடுக்கிற ஒவ்வொரு லீவும் அதற்குத் தீனி. அதற்காக அடித்து அனுப்பினால் சரியாகிவிடுமா என்றால், இல்லை. அப்போது உண்மையிலேயே ஒரு புலி வந்துவிடுகிறது.

ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அவளுக்குக் கிடைத்த சிகிச்சையில் மர்மம் ஒன்றும் இல்லை. 1950களில் தென்னாப்பிரிக்காவில் ஜோசஃப் வோல்ப்பியும், 1960களில் அமெரிக்காவில் ஆரன் பெக்கும் உருவாக்கியவற்றின் வழிவந்த முறை அது. பயங்களை ஒரு தாளில் வரிசைப்படுத்தச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எவ்வளவு என்று அவளே மதிப்பெண் போட்டாள். (மதிப்பெண்ணால் நோகிற பிள்ளை தன் பயத்துக்கு மதிப்பெண் போடுவதில் ஒரு சின்னப் பழிவாங்கல் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.) குறைந்த மதிப்பெண்ணில் இருந்து ஏறவேண்டும். பஸ்ஸில் கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சத்தமாகச் சொல்லி டிக்கெட் வாங்குவது. கடையில் ஒரு சாமானை விலை கேட்டுவிட்டு வாங்காமல் வருவது. வகுப்பு முடிந்தபின் ஆசிரியரிடம் ஒரு சந்தேகம் கேட்பது. கடைசியில், வகுப்பில் எழுந்து ஒரு பத்தி வாசிப்பது. ஒவ்வொரு படியிலும் பயம் தானாக இறங்கும்வரை அங்கேயே நிற்கவேண்டும், ஓடக்கூடாது. ஓடாமல் நின்றால் அது இறங்கும் என்பதை அவள் உடம்பு கற்றுக்கொள்ளவேண்டும். கூடவே 'எல்லாரும் சிரிப்பாங்க' என்ற நினைப்பை எடுத்துவைத்துப் பேசினார்கள். யார் சிரித்தார்கள், எத்தனை தடவை, சிரித்தபின் என்ன ஆயிற்று? 'தைரியமா இரு' என்று ஒருவரும் சொல்லவில்லை. சிலருக்கு மருந்தும் தேவைப்படும். அதை முடிவு செய்யவேண்டியவர் மருத்துவர்.

இந்த இடத்தில் தோழர்கள் குறுக்கிடுவார்கள். 'பிரச்சினை பிள்ளையின் மனசிலா இருக்கு? கல்வி அமைப்பில் இருக்கு. சமூகத்தின் நோயைத் தனிமனித நோயாக மாற்றுகிற வேலைதானே இது?' ஃபூக்கோவைப் படித்தவர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், மேற்கத்திய பாவமன்னிப்புக் கூண்டுதான் மருத்துவரின் அறையாக மாறியிருக்கிறது, உண்மையைச் சொல்லச் சொல்வதே அதிகாரத்தின் வேலை என்பார்கள். இதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கிற வழக்கத்தைத் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை கைவிட்டதே 2017இல்தான். அதே ஆண்டில் நீட் வந்தது. 2022இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் கொடுத்தது. இத்தனை மரணங்களுக்கும் 'சிந்தனைப் பிழை' என்று பெயர் வைக்க முடியாது.

சாதியின் விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை அவருடன் படித்த ஆதிக்கசாதி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். கையில் கட்டியிருக்கிற கயிற்றின் நிறத்தில் சாதி தெரிகிற பள்ளிக்கூடத்தில், 'எல்லாரும் என்னைக் கேவலமாப் பாக்குறாங்க' என்று ஒரு பிள்ளை சொன்னால், அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் சிகிச்சையாளர் அந்தப் பள்ளியைப் பற்றிக் கேட்டிருக்கவேண்டும். கேட்காதவர் செய்வது சிகிச்சை அல்ல.

ஆனாலும் நம் வாதத்தில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. அமைப்பு மாறும்வரை அந்தப் பிள்ளை என்ன செய்யவேண்டும் என்று நாம் சொல்வதில்லை. செத்துப்போன மாணவருக்கு இரங்கல் கூட்டம் போடுகிறோம், சிறப்பிதழ் கொண்டுவருகிறோம். உயிரோடு இருந்து கை நடுங்குகிற பிள்ளைக்கு நம் பக்கங்களில் இடமில்லை. நாம் ஓயாமல் மேற்கோள் காட்டுகிற ஃபனான் தொழிலால் மனநல மருத்துவர். அல்ஜீரியாவில் பிளிதா மருத்துவமனையில் 1953 முதல் 1956 வரை வேலை பார்த்தார். காலனியம்தான் நோய் என்று அவரளவு உரக்கச் சொன்னவர் இல்லை. அதற்காக வாசலில் நின்ற நோயாளியை விடுதலை வந்தபின் வா என்று அவர் திருப்பி அனுப்பவில்லை. பதவியை ராஜினாமா செய்து விடுதலை இயக்கத்தோடு துனிசியாவுக்குப் போன பிறகும் சிகிச்சை அளித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஃபூக்கோவுக்கு வருவோம். பேசவைப்பது அதிகாரம் என்பது சரி. ஆனால் நம் வீடுகளில் பதினாறு வயசுப் பிள்ளையைப் பேசவைப்பவர்கள் யார்? இதற்குச் சங்க இலக்கியத்தில் ஒரு துறையே உண்டு. மகள் மெலிகிறாள், நிறம் மாறுகிறாள். தாய் கட்டுவிச்சியைக் கேட்கிறாள், வேலனை அழைக்கிறாள். வேலன் வெறியாடி, இது முருகு அணங்கியது என்று சொல்கிறான். மறி அறுக்கிறார்கள். காரணம் முருகன் அல்ல என்பது மகளுக்கும் தோழிக்கும் தெரியும். வீடு முழுக்க அவளைச் சுற்றி நிற்கிறது, ஆனால் அவளிடம் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள். இலக்கணம் அதற்கு ஒரு பாதையை வகுத்தது. தலைவி தோழிக்குச் சொல்வாள், தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கு. அறத்தொடு நிற்றல் என்பது இது. எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது என்பது தலைவி, தோழி இருவர் கையில் இருந்தது.

வேலன் இன்றும் இருக்கிறார், கயிறும் இருக்கிறது. காணாமல்போனது தோழியின் இடம். கவுன்சிலரை 'ஆற்றுப்படுத்துநர்' என்று தமிழில் எழுதுகிறோம், நல்ல சொல். ஆற்றுப்படையில் வழிசொல்பவன் புரவலன் அல்ல. அதே பசியோடு அதே வழியில் நடந்துவந்த இன்னொரு கலைஞன். நம் பள்ளிகளிலோ பெரும்பாலும் ஓர் ஆசிரியரையே ஆற்றுப்படுத்துநர் ஆக்கிவிடுகிறோம். காலையில் மதிப்பெண் போட்டவரிடம் சாயந்திரம் மனசைத் திறக்கச் சொல்கிறோம். அவரிடம் சொன்னது ஆசிரியர் அறைக்குப் போகும், பெற்றோர் கூட்டத்தில் வரும். பிள்ளைகளுக்கு இது தெரியும். 'சொன்னா வீட்டுக்குத் தெரிஞ்சிரும் சார்' என்பதுதான் நான் பேசிய பிள்ளைகளிடம் அதிகம் கேட்ட வாக்கியம்.

வசதிகளே இல்லை என்று சொல்ல முடியாது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியபோது முதல் நான்கு மாவட்டங்களுள் திருச்சியும் ஒன்று. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. சென்னையில் சிநேகா அமைப்பு 1986 முதல் இயங்குகிறது. 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். பெயர் சொல்லாமல், முகம் காட்டாமல் பேசமுடிகிற தொலைபேசிதான் இன்றைக்குத் தோழிக்குக் கொஞ்சமாவது நெருக்கமாக இருக்கிறது.

ஆனால் நேரில் தொடர்ந்து சிகிச்சை என்று வரும்போது சட்டம் குறுக்கே நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படுவதை உரிமையாக்கியது. அதே சட்டத்தில் பதினெட்டு நிறையாதவருக்குக் காப்பாளரே பிரதிநிதி. அவருக்குத் தகவல் தரலாம். 2012இன் போக்சோ சட்டப்படி பதினெட்டுக்குக் கீழே சம்மதம் என்பதே கிடையாது. தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியாகவேண்டும், சொல்லாவிட்டால் தண்டனை. குழந்தைகளைச் சீரழிப்பவர்களுக்கு எதிரான அவசியமான சட்டம் இது. ஆனால் பதினேழு வயசுப் பெண் தன் வயசுப் பையனோடு உண்டான உறவை நினைத்துப் பதறி வந்து உட்கார்ந்தால், அவள் வாய்திறந்த நிமிஷத்தில் எதிரே இருப்பவர் தோழியாக இருக்கமுடியாது. சாதி மாறிய காதல் என்றால் அந்தத் தகவல் எந்த வீட்டில் போய் என்ன செய்யும் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

நேர்மையான சிகிச்சையாளர்கள் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். நீ சொல்வதில் எதெல்லாம் இந்த அறையைவிட்டு வெளியே போகாது, எதைச் சொன்னால் நான் வெளியே சொல்லியாகவேண்டும் என்று. உன் உயிருக்கு ஆபத்து என்றால், இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்றால், போக்சோவில் வருகிற விஷயம் என்றால். அதைக் கேட்டபிறகு பேச ஆரம்பிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சரி மேடம், வயித்து வலிக்கு மட்டும் ஏதாவது எழுதிக்குடுங்க என்று கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள்.