38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, ஆனா எட்டு வருஷம் ஆச்சு: செகண்ட்ஸ் கார் சர்வீஸை எப்படிச் சரிபார்ப்பது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரே மாதிரி கேள்வி நிறைய வந்துச்சு: "செகண்ட்ஸ்ல கார் வாங்கிட்டேன். வித்தவர் சர்வீஸ் எல்லாம் கரெக்டா பண்ணியிருக்குன்னு சொல்றார். எப்படி நம்புறது?" இதுக்கு என் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் பயந்த கதை.

2024-ல ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் வாங்கினேன். 2016 மாடல், சிங்கிள் ஓனர், ரிட்டையர் ஆன ஒருத்தர். மீட்டர்ல 38,000 கிலோமீட்டர். சர்வீஸ் புக்ல சீல், பில் எல்லாம் பக்காவா இருந்தது. "இவ்வளவு கம்மியா ஓடின வண்டி கிடைக்காது"ன்னு நினைச்சு, கொஞ்சம் கூடவே கொடுத்து வாங்கினேன்.

ரெண்டாவது மாசம் அப்பா அம்மாவைக் கூட்டிட்டு கொல்லிமலை போனேன். 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிற மலை. ஏறும்போது ஒரு பிரச்சனையும் இல்ல. இறங்கும்போது, கிட்டத்தட்ட பாதி வளைவு தாண்டினதும், பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போச்சு. பக்கத்து சீட்ல அப்பா, "என்னடா, வண்டி நிக்கலையா?"ன்னு கேட்டார். செகண்ட் கியருக்கு மாத்தி, ஹேண்ட் பிரேக்கை மெதுவா இழுத்து, மலைப்பக்கமா ஓரங்கட்டி நிறுத்தினேன். அம்மா ஒரு வார்த்தை பேசல. முக்கால் மணி நேரம் கழிச்சுப் பெடல் திரும்ப வந்தது. அதுக்கப்புறம் ஃபர்ஸ்ட் கியர்லயே இறங்கி, சேந்தமங்கலத்துல ஒரு மெக்கானிக் ஷெட்ல நிறுத்தினோம்.

அவர் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார். "தம்பி, இதை எப்போ மாத்துனது?"

"அண்ணே, சர்வீஸ் எல்லாம் கரெக்டா பண்ணியிருக்கு. புக் இருக்கு."

"புக்கு இருக்கட்டும் தம்பி. ஆயிலைப் பாருங்க."

டிகாக்‌ஷன் கலர்ல இருந்தது. புது பிரேக் ஆயில் லேசான மஞ்சள்ல, அடி தெரியுற மாதிரி இருக்கும்.

யாரும் பொய் சொல்லல

வீட்டுக்கு வந்து எல்லா பில்லையும் தேதி வாரியா அடுக்கினேன். வித்தவர் என்னை ஏமாத்தல. 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஒழுங்கா சர்வீஸ் விட்டிருக்கார். ஆனா எட்டு வருஷத்துல 38,000 ஓடினா, ஃப்ரீ சர்வீஸ் முடிஞ்ச பிறகு வந்தது மூணே மூணு சர்வீஸ். பிரேக் ஆயில் பக்கத்துல மேனுவல்ல என்ன போட்டிருக்கு? "40,000 கிலோமீட்டர் அல்லது 2 வருடம், எது முந்தியோ." அவர் 40,000-க்காகக் காத்திருந்தார். அதுக்குள்ள ரெண்டு வருஷம் நாலு தடவை வந்துட்டுப் போயிடுச்சு.

நம்ம பாஷையில சொன்னா அது ஒரு 'ஆர்' கண்டிஷன். நாம பாதியை மட்டும் படிக்கிறோம். காருக்கு ரெண்டு கடிகாரம் இருக்கு: ஒண்ணு மீட்டர், இன்னொண்ணு காலண்டர். கம்மியா ஓடின வண்டியில ரெண்டாவதைத்தான் எல்லாரும் மறக்கிறாங்க. நான் கூடக் காசு கொடுத்து வாங்கின அதே "கம்மி கிலோமீட்டர்"தான் மலையில என்னை மாட்டி விட்டுச்சு.

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். வண்டி ஷெட்ல சும்மா நின்னாலும் உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதுசா இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாதுங்கிறது தரம். 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா, அந்த அளவு 155 டிகிரிதான். மலை இறக்கத்துல பிரேக்கை விடாம மிதிச்சா சூடு ஏறி ஆயில் கொதிச்சு ஆவியாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆனா ஆவியை அமுக்கலாம். நம்ம மிதியெல்லாம் அந்த ஆவியை அமுக்கவே சரியாப் போயிடும், வீலுக்குப் போய்ச் சேராது. கியரைக் குறைக்காம பிரேக்லயே இறங்கினது என் தப்பு, அதையும் ஒத்துக்கிறேன்.

பேப்பர்ல என்ன பார்க்கணும்

ஆர்சி காப்பியோட அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போய் சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்க. அவங்க சிஸ்டத்துல ஒவ்வொரு தடவையும் தேதி, மீட்டர் ரீடிங், மாத்தின பொருள் பதிவாகியிருக்கும். மூணு விஷயம் பாருங்க. மீட்டர் ரீடிங் எங்கயாவது பின்னாடி போயிருக்கா? ஒரு வருஷத்துக்கு மேல இடைவெளி இருக்கா? பில்ல என்னென்ன மாத்தினதா எழுதியிருக்கு? இந்த மூணாவதுதான் முக்கியம். "ஜெனரல் செக்கப், வாட்டர் வாஷ்"னு மட்டும் இருந்தா அதுக்குப் பேரு வாட்டர் சர்வீஸ். வண்டி பளபளன்னு இருக்கும், அவ்வளவுதான்.

வெளி மெக்கானிக்கிட்ட விட்டிருந்தா இந்த ஹிஸ்டரியில வராது. அதனால மட்டும் மோசமான வண்டின்னு முடிவு பண்ணாதீங்க. அடுத்து வண்டியையே கேளுங்க.

வண்டியில என்ன பார்க்கணும்

இன்ஜின் ஆயில்: டிப்ஸ்டிக்ல அளவு பாருங்க. கறுப்பா இருந்தா பயப்படாதீங்க, டீசல் வண்டியில மாத்தின கொஞ்ச நாள்லயே கறுத்துடும். ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்க. கெட்டியா, தார் மாதிரி படிஞ்சிருந்தா ரொம்ப நாள் மாத்தாம ஓட்டியிருக்காங்கன்னு சந்தேகப்படலாம்.

ஏசி ஃபில்டர்: எனக்குப் பிடிச்ச சாட்சி. நிறைய கார்ல டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னாடி இருக்கும், நாமளே கழட்டலாம். போன மாசம் "ஃபுல் சர்வீஸ்" ஆன வண்டியில காஞ்ச இலையும் தூசியும் அப்பியிருந்தா, மத்ததை எப்படிப் பண்ணியிருப்பாங்கன்னு யோசிங்க.

கூலன்ட்: இன்ஜின் ஆறின பிறகு மட்டும் பாருங்க. சூட்டுல ரேடியேட்டர் மூடியைத் திறந்தா கொதிக்கிற தண்ணி முகத்துல அடிக்கும். பச்சையோ பிங்கோ கலர் தெரியணும். துரு கலர்ல இருந்தா குழாய்த் தண்ணி ஊத்தியிருக்க வாய்ப்பு அதிகம்.

டயர்: பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும். 2616-னா 2016-ஆம் வருஷம் 26-வது வாரம் தயாரிச்சது. என் வண்டியில நாலுமே 2016. மீட்டர் ரீடிங் உண்மைங்கிறதுக்கு அது ஒரு நல்ல சாட்சி. ஆனா பட்டன் நல்லா இருந்தும் ரப்பருக்கு எட்டு வயசு. இங்கயும் அதே ரெண்டு கடிகாரம்தான்.

ஓபிடி ஸ்கேனர்: ப்ளூடூத்ல போனோட இணைக்கிற சின்ன டூல். எரர் கோட் இல்லைன்னதும் சந்தோஷப்படாதீங்க. "கோட் அழிச்ச பிறகு ஓடின தூரம்"னு ஒரு அளவு நிறைய ஆப்ல காட்டும். அது 15 கிலோமீட்டர்னு வந்தா, சமீபத்துல யாரோ லாகை அழிச்சிருக்காங்க. ஏன்னு கேளுங்க.

ஆதாரம் இல்லைன்னா?

வித்தவரோட சண்டை போட வேண்டாம். செய்யலைன்னே வச்சுக்கிட்டு முதல்ல இருந்து ஆரம்பிங்க. இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாத்தையும் மாத்துங்க. ஸ்பார்க் பிளக், கியர் ஆயில், பிரேக் பேடைக் காட்டிடுங்க. உங்க இன்ஜின்ல டைமிங் பெல்ட்டா செயினான்னு மேனுவல்ல பாருங்க. பெல்ட்டா இருந்து, மாத்தினதுக்கு பில் இல்லைன்னா தள்ளிப் போடாதீங்க. பல இன்ஜின்ல அது அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதி, செலவு எங்கயோ போயிடும்.

நான் இப்போ ஒரு கூகுள் ஷீட் வச்சிருக்கேன். ஒவ்வொரு பொருளுக்கும் ரெண்டு காலம்: அடுத்து எந்தக் கிலோமீட்டர், அடுத்து எந்தத் தேதி. எந்தக் கட்டம் முதல்ல சிவப்பாகுதோ அன்னைக்கு ஷெட்டுக்குப் போயிடுவேன்.

சேந்தமங்கலத்துல அன்னைக்கு பிரேக் ஆயில் மாத்த ஆயிரம் ரூபாய் கூட ஆகல. அதை வாங்கின அன்னைக்கே பண்ணியிருக்கலாம். அப்பா இன்னும் மலைப் பயணம்னா, "பிரேக் ஆயில் பார்த்தியா?"ன்னு கேட்டுட்டுத்தான் ஏறுறார்.

புதுசா செகண்ட்ஸ் கார் வாங்கினவங்க, இந்த வாரக் கடைசியில பானட்டைத் திறந்து அந்தச் சின்ன டப்பாவைப் பாருங்க. என்ன கலர்ல இருந்ததுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.